ஏழாம் தட்டு

கப்பலிலேயே உடைந்திருந்தது ஏழாம் தட்டு.
வைக்கோலுக்குள் மூன்று கறுப்புத் துண்டுகள்.
ஒன்றில் மட்டும் லேபிள்,
லேபிளில் இருபது கட்டங்கள்:
ஒவ்வொரு முறை ஓட்டியதும் ஒன்றில் கோடு போட வேண்டும்,
இருபதைத் தாண்டினால் தடம் தேய்ந்து குரல் கரகரக்கும்.
பதினொன்றில் யாரோ கோடு போட்டிருந்தார்கள்,
பினாங்கிலோ சிங்கப்பூரிலோ.
அங்கே பதினோரு இரவுகள்
கொலைகாரன் யாரென்று தெரிந்திருக்கிறது.

ரங்கூனில் தெரியவில்லை.

ஆறு ரீல் வரை எல்லாம் பேசுகிறது.
தட்டின் நடுவில் இறங்கிய முள்
வட்டம் வட்டமாய் வெளியே நகர,
டெலிபோன் அலறுகிறது, தட்டில் கோப்பை நடுங்குகிறது,
மழை கடுகு வெடிப்பதுபோல் பெய்கிறது.
ஏழாவதில்
கணப்பருகே எல்லோரையும் நிறுத்தி
இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கிறார்.
வெளியே மொகல் தெருவில் ஒரு ரிக்ஷா மணி.
வேறு சத்தமில்லை.

"காசைத் திருப்பிக் கேப்பான்கள், மாசிலாமணி.
எதையாவது சொல்லு" என்றார் முதலாளி இஸ்மாயில்ஜி.
பேசாப் பட நாளின் தகரக் குழாயோடு
திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

திங்கள், பட்லர்.
துறைமுகத்து ஆட்கள் விசிலடித்தார்கள்.
செவ்வாய், எனக்குத் தெரிந்த அரைகுறை பர்மியத்தில், டாக்டர்.
புதன், விதவையே.
பெண்கள் பெஞ்சிலிருந்து
ஆரஞ்சுத் தோல் ஒன்று என் காதை உரசிப் போனது.
வியாழன் முதல் வெற்றிலைக் கடையில் பந்தயம்,
சனிக்கிழமை வக்கீல் என்று நாலணா.
பார்த்தவர்களே திரும்ப வந்தார்கள்,
இன்றைக்கு யார் கொன்றது என்று பார்க்க.

அந்தச் சனியன்றுதான் மிஸ் வினிஃப்ரெட் ரொசாரியோ வந்தாள்.
லான்மடோவில் அரிசிக் கம்பெனி டைப்பிஸ்ட்.
பதினேழு வயதுக் காய்ச்சல் இரண்டு காதையும் மூடியிருந்தது.
முன்பெல்லாம் பால்கனியில் இடது ஓர நாற்காலி அவளுடையது.
திரையில் எழுத்து வந்ததும்
எங்கள் எல்லோருக்கும் அரை நொடி முன்னால் சிரிப்பாள்.
படம் பேசத் தொடங்கியது,
எழுத்து போனது,
அவளும் போனாள்.
நாற்காலி காலியாக இருந்தது எனக்குத் தெரியும்.
நான் விசாரிக்கவில்லை.

மூன்று இரவுகள் அவள்
ஏழாம் ரீலுக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
மூன்றாம் இரவு மெஷின் அறைக்கு ஏறி வந்து
டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தாள்:

"நீ சொல்வது எதுவும் இல்லை.
'கதவைச் சாத்துங்கள், மழை உள்ளே வருகிறது' என்கிறார்.
'எனக்கு முதலிலேயே தெரியும்' என்கிறாள் விதவை.
பெயரைச் சொல்லும்போது
அவர் நமக்கு முதுகைக் காட்டுகிறார்."

கீழே, இன்னும் சின்ன எழுத்தில்:

"மூலையில் தட்டேந்தி நிற்கிறாளே சமையல்காரி,
அவளுக்கு வசனமே கிடையாது.
அவள் தனக்குத்தானே சொல்கிறாள்:
'இன்னும் எத்தனை தடவை? கால் கடுக்குது.'"

அதை எந்தத் தட்டும் பதிந்திருக்காது.
பினாங்கு கேட்டிருக்காது.

கடைசி ஆட்டம் செவ்வாய், ஒன்பதாம் இரவு.
குழாயை எடுத்தேன்,
கொலைகாரனை விட்டுவிட்டு
சமையல்காரி சொன்னதைச் சொன்னேன்.
கொட்டகை ஒரு கணம் என்னைப் பார்த்தது.
அரிசி மூட்டை தைக்கும் பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி
"உக்காரச் சொல்லுங்கப்பா அவளை" என்றாள்.
அப்புறம்தான் சிரிப்பு.
மேலே, இடது ஓரத்தில்,
எல்லாருடைய வாயையும் பார்த்துவிட்டு
அரை நொடி பின்னால் ஒரு சிரிப்பு.

மறுநாள் பெட்டி கொழும்புக்கு.
உடைந்த தட்டையும் வைக்கோலில் வைத்தேன்,
ஓட்டாத ஒன்பது கட்டங்களிலும் கோடு போட்டு.

பந்தயக்காரர்கள் இன்னும் வழிமறிக்கிறார்கள்.
என்ன கிழமை என்று பார்த்துக்கொண்டு
பதில் சொல்கிறேன்.